பேரிடர் நிவாரணம் கேட்கும்போது அரசுகள் எங்கே சறுக்குகின்றன?

வெள்ளம் வடிவதற்குள் எழும் முதல் குரல், ‘தேசியப் பேரிடராக அறிவியுங்கள்’ என்பதுதான். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அப்படி ஓர் அறிவிப்பே கிடையாது. மத்திய அரசு ‘கடுமையான பேரிடர்’ என்று வகைப்படுத்துவது உண்டு; 2018 கேரள வெள்ளமும் 2024 வயநாடு நிலச்சரிவும் அந்த வகையில் சேர்ந்தன. அதன்பின் எந்த மாநில எம்.பி.யும் தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து 1 கோடி ரூபாய் வரை தரலாம். நிவாரணத் தொகை அதனால் தானாகக் கூடிவிடாது.

டெல்லியிலிருந்து பணம் வரட்டும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி அதற்காகவே முன்கூட்டி வைக்கப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90. அது போதாதபோதுதான் தேசியப் பேரிடர் நிவாரண நிதி. அங்கே ஒப்புதலான தொகையிலும், மாநில நிதியின் இருப்பில் பாதி கழிக்கப்படும். 2023 டிசம்பர் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி. அடுத்த ஏப்ரலில் கைக்கு வந்தது சுமார் 276 கோடி.

இவ்வளவு இடைவெளிக்கு அரசியலைக் காரணம் சொல்வார்கள். அது இருக்கட்டும், கணக்கு போடும் முறையையும் பார்க்க வேண்டும். நிவாரண நிதி இழப்பீடு அல்ல. மத்திய அரசின் 2022-26 நிவாரண விதிமுறைப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. சேதம் 33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உச்சவரம்பு 2 ஹெக்டேர். ஐந்து ஹெக்டேர் நெல் மூழ்கினாலும் 34,000 ரூபாய்தான் கணக்கில் ஏறும். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம், உயிரிழப்புக்கு 4 லட்சம். சந்தை விலையில் சேதத்தைக் கூட்டி அனுப்பினால், சேதத்தை ஆய்வு செய்ய வரும் மத்தியக் குழு பெரும்பகுதியை அடித்துவிடும். புதிய பாலத்துக்கான செலவைப் பழுதுபார்ப்புத் தலைப்பில் நுழைத்தாலும், ஒரே சாலையை நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சி ஒன்றியமும் தனித்தனியே எழுதினாலும் மற்றக் கணக்குகள் மீதும் சந்தேகம் விழும்.

மத்தியக் குழு வரும்போது பெரும்பாலும் தண்ணீர் வடிந்திருக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே தேதி, இடக்குறியுடன் படங்கள் வேண்டும். செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்த்துப் பதிய வேண்டும். உயிரிழப்புக்கு, சாவின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்காமல் தொகை கிடைக்காது.

எந்தெந்தப் பேரிடர்களுக்கு நிதி உண்டு என்ற பட்டியலையும் அரசுகள் பார்ப்பதில்லை. 2022-26 விதிமுறையில் இருப்பவை 12 பேரிடர்கள். வெப்ப அலை அதில் இல்லை. தமிழ்நாடு 2024இல் அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இப்படி மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்கான செலவு மாநில நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வறட்சிக்கான கோரிக்கையைக் கவனிப்பது உள்துறை அல்ல, வேளாண் அமைச்சகம். காரிப் (பருவமழைக் கால) சாகுபடிக்கு அக்டோபர் 30, ராபி (குளிர்கால) சாகுபடிக்கு மார்ச் 31 என்று வறட்சி அறிவிப்புக்குக் கெடு உண்டு. மழைக்குறைவை மட்டும் காட்டினால் போதாது; பயிர்நிலை, மண் ஈரம், நீர்நிலை இருப்பு ஆகியவற்றுடன் வயலில் இறங்கி எடுத்த சரிபார்ப்பும் சேர வேண்டும். முடிவில் ‘மிதமான வறட்சி’ என்று வந்தால் தேசிய நிதியைக் கேட்க வழியில்லை. கடும் வறட்சிக்கு மட்டுமே அது திறக்கும்.