விண்ட்சர்ஃபிங்கா, கைட்சர்ஃபிங்கா? காற்றுக் கணக்கில் நடக்கும் தவறுகள்

இரண்டிலும் காற்றுதான் பலகையை நீர்மேல் ஓட்டும்: விண்ட்சர்ஃபிங்கில் பாய் பலகையிலேயே பொருத்தியிருக்கும், கைட்சர்ஃபிங்கில் கயிற்றில் பறக்கும் பெரிய பட்டம் (கைட்) ஆளை இழுக்கும். ராமேஸ்வரத்துக்கோ இலங்கையின் கற்பிட்டிக்கோ பலகையேறக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை நாட் காற்றுக்கு எது சரி?" என்றுதான். (நாட் என்பது காற்று வேகத்தின் அளவு; ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) கோளாறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கிளம்பும்போது அடித்த காற்று திரும்பும்வரை அப்படியே அடிக்காது. அது மாறும்போது நம் கையில் இருப்பது என்ன செய்யும் என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மெல்லிய காற்றில் கைட்டுக்குத்தான் மவுசு. 12 சதுர மீட்டர் கைட் இருந்தால், நடுத்தர எடையுள்ளவர் 12, 13 நாட்டிலேயே ஓடத் தொடங்கிவிடலாம். அதே காற்றில் விண்ட்சர்ஃபிங் பலகை நீர்மேல் வழுக்கி ஓடப் பெரிய பாயும் அகலமான பலகையும் வேண்டும். கைட் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகளின் முனையில் பறக்கிறது. அந்த உயரத்தில் காற்றும் கொஞ்சம் கூடுதல். போதாததற்கு, அதை மேலும் கீழுமாக ஓட்டி இழுவையைக் கூட்டிக்கொள்ளலாம். இதை வைத்து "காற்று குறைவா, கைட் எடு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 12 நாட் திடீரென்று 6 ஆகிவிட்டால்? விண்ட்சர்ஃபர் பாயைப் பிடித்தபடி ஊர்ந்தாவது கரைசேர்வார். அதுவும் முடியாவிட்டால் பலகைமேல் படுத்துக் கையால் துழாவுவார். நீரில் விழுந்த கைட்டை அந்தக் காற்றில் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. சின்னப் பலகை ஆளையும் தாங்காது. கயிறுகளைச் சுருட்டிவிட்டு, காற்றடைத்த கைட்டையே மிதவையாகப் பிடித்துக் கரைக்கு வரத் தெரிந்திருக்க வேண்டும். அதை இடுப்பளவு நீரில் பழகாமல் ஆழத்துக்குப் போவதுதான் என் கணக்கில் முதல் தவறு.

பலகைக்கு அடியில் பொருத்தி அதை நீருக்கு மேலே தூக்கும் இறக்கையான ஃபாயில் வந்தபிறகு இரண்டுமே 8 நாட் பக்கம் ஓடுகின்றன, உண்மைதான். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், உலகின் தேர்ந்த கைட் வீரர்களே காற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

வலுத்த காற்றில் சறுக்குவது வேறு இடத்தில். செயலியில் தெரியும் சராசரியை மட்டும் பார்த்துக் கைட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 15 நாட் 21 ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே வீச்சு, அதாவது இடையிடையே திடீரென்று வலுத்தடிக்கும் காற்று, எவ்வளவு என்று பாருங்கள். வீச்சு வந்தால் விண்ட்சர்ஃபர் பின்கையைத் தளர்த்துவார், பாய் படபடக்கும். மோசமென்றால் விழுவார், அவ்வளவுதான். கைட்டில் பயந்தவர் பாரை, அதாவது கயிறுகள் சேரும் கைப்பிடித் தடியை, தன் பக்கம் இழுப்பார், இழுவை இன்னும் கூடும். பாரை விட்டுவிட வேண்டும். அடங்காவிட்டால் கைட்டின் இழுவையைத் துண்டிக்கும் அவசர விடுவிப்பை இழுக்க வேண்டும், கூச்சமே வேண்டாம். கரையில் நின்றுகொண்டு கைட்டை நேர் தலைக்கு மேல் நிறுத்தி அரட்டையடிப்பதும் ஆபத்து. ஒரு வீச்சு போதும், ஆளையே தூக்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு திசையை மறப்பது. ராமேஸ்வரம் தீவின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஜூலையில் தென்மேற்குக் காற்று தெற்குக் கரைமீது வந்து மோதும். வடக்குக் கரையில் அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஜனவரியில் இது தலைகீழ். நிலத்துக் காற்று பார்க்கச் சாது: கரையோரம் அலை இல்லை, மரங்களின் மறைவில் காற்றும் குறைவு. சற்று உள்ளே போனால்தான் முழு வேகம் தெரியும், அப்போது திரும்புவது கடினம். ஜூலையில் வடக்குக் கரையிலிருந்து அது தள்ளும் பக்கம் கச்சத்தீவும் எல்லைக்கோடும் இருக்கின்றன, நினைவிருக்கட்டும். மீட்புப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் இரண்டுமே வேண்டாம். நேர் எதிராகக் கடலிலிருந்து கரைக்கு அடித்தால், விண்ட்சர்ஃபருக்கு அலையைத் தாண்டுவதுதான் தொல்லை. கைட்காரரை அது மணலோடு மரத்தில், மின்கம்பியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரைக்குச் சாய்வாக, கடல் பக்கமிருந்து வரும் காற்றே இருவருக்கும் நல்லது.

அப்புறம், கருமேகம் திரண்டால் "இன்னும் ஒரு சுற்று" கூடாது. மழைக்கு முன்னால் வரும் சூறை சில நிமிடங்களில் காற்றை இரட்டிப்பாக்கும், திசையையும் மாற்றும். பாயை நீரில் போட்டுவிடலாம். கைட்டைப் பத்திரமாக இறக்க, கரையில் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அவர் டீ குடிக்கப் போவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.