மும்பைக்குப் புதிதா? முதல் மழைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

நம் ஊரில் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இங்கே ஜூன் இரண்டாவது வாரமே பிடித்துக்கொள்ளும், செப்டம்பர் வரை விடாது. புதிதாக வருபவர்கள் குடை வாங்குகிறார்கள், ரெயின்கோட் வாங்குகிறார்கள், பாதத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் சித்தி மகன் திருநெல்வேலியிலிருந்து மே மாதம் வந்தான். ஜூலையில் ஒரு நாள் லோக்கல் ரயில் நின்றுபோக, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் வரை முழங்கால் தண்ணீரில் ரப்பர் செருப்போடு நடந்தே வந்தான். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது, ஊரில் வயலில் இறங்குகிற எல்லோருக்கும் இருப்பதுதான். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினான், காலைக் கழுவவில்லை. எட்டாவது நாள் காய்ச்சல். பக்கத்து டாக்டரிடம் போனான், இந்தி வராது, "ஃபீவர்" என்று மட்டும் சொன்னான், மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. சிறுநீரகம் வரைக்கும் போயிருந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எலி, நாய், மாடு இவற்றின் சிறுநீர் மழைத் தண்ணீரில் கலந்து, தோலில் இருக்கும் கீறல், வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே போவதால் வருவது இது. காய்ச்சல் உடனே வராது, பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் கழித்துதான் காட்டும், அதற்குள் நாம் தண்ணீரில் நடந்ததையே மறந்திருப்போம். தண்ணீரில் நடக்க நேர்ந்தால் மூன்று நாளைக்குள் (72 மணி நேரம்) டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்க வேண்டும் என்று மாநகராட்சியே ஒவ்வொரு வருடமும் சொல்கிறது. பொதுவாக டாக்ஸிசைக்ளின்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேறு மருந்து, அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். வெடிப்புக்கு மே மாதத்திலேயே வைத்தியம் பார்த்துவிடுங்கள்.

முடிந்தவரை அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு நாள் அடிக்கடி வராது, ஆனால் இந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், மிலன் சப்வே பக்கமெல்லாம் சாதாரண மழைக்கே நிரம்பும். கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடியவே வடியாது, பெரிய ஏற்றம் வரும் தேதிகளை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு மூத்த டாக்டரே திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்துபோனார். அடி தெரியாத தண்ணீரில் கால் வைக்காதீர்கள். ஆபீஸிலேயே படுத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர். இங்கே குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான், அதனால் எல்லார் வீட்டிலும் டிரம் இருக்கும். டெங்குக் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். வாரம் ஒரு நாள் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள், மழை மாதங்களில் ரோட்டோரச் சட்னியும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ரத்தக் கசிவை அதிகமாக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். மலேரியாவும் இங்கே உண்டு. அதில் சாதாரணமாக வரும் வைவாக்ஸ் வகைக்கு மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிடும், ஆனால் பிரைமாகுயின் என்று இன்னொரு மாத்திரையை 14 நாள் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பாதியில் நிறுத்தினால் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து திரும்ப வரும்.

அப்புறம் லோக்கல். வாசலில் தொங்காதீர்கள், வண்டி நிற்பதற்கு முன் குதிக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும் தண்டவாளத்தைக் கடக்காமல் பாலம் ஏறிப் போங்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசல் பக்கம் நகர ஆரம்பித்தால் குதிக்கிற அவசரமே வராது. ஒரு வண்டி போனால் சில நிமிடத்தில் அடுத்தது.

ஆம்புலன்ஸுக்கு 108, ரயில்வே உதவிக்கு 139, வெள்ளம், மேன்ஹோல் புகாருக்கு மாநகராட்சியின் 1916. பணத்துக்குப் பயந்து வீட்டிலேயே கிடக்காதீர்கள், சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.இ.எம்., தொற்று நோய்க்கென்றே கஸ்தூர்பா, எல்லாம் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள்தான், செலவு மிகக் குறைவு.

இந்தி தெரியாதவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காய்ச்சலுக்கு இந்தியில் புக்கார் (bukhar), மராத்தியில் தாப். டாக்டரிடம் "புக்கார் ஹை" என்றதோடு நிறுத்தாமல், "பாரிஷ் கே பானி மே சலா தா, பைர் மே காவ் தா" என்று சொல்லுங்கள். மழைத் தண்ணீரில் நடந்தேன், காலில் புண் இருந்தது என்று அர்த்தம். பெண்கள் "சலா தா" என்பதற்குப் பதில் "சலீ தீ" என்று சொல்ல வேண்டும். என் தம்பிக்கு அன்று இந்த வாக்கியம் தெரியவில்லை.