குடல் அழற்சி உள்ள தம்பி தங்கச்சிக்குத் துணையாக இருப்பது எப்படி? மலையகத்துக்கு ஒரு செய்முறை

நீண்ட காலம் நீடிக்கும் குடல் அழற்சி நோய்களான குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய இரண்டில் ஒன்றோடு சில வருடங்களாக வாழ்கிறீர்கள், இப்போது நோய் ஓரளவு அடங்கியிருக்கிறது என்றால், அதே நோய் புதிதாக வந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் துணையாக இருக்கலாம். அதற்கு வைத்திய அறிவு தேவையில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், கக்கூசுக்கு முன்னால் காலையில் ஆட்கள் காத்து நிற்கும்போது என்ன செய்வது, ஹட்டன் பஸ்ஸில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது, மருந்தால் முகம் ஊதியதைப் பார்த்து வகுப்பில் சிரித்தால் என்ன சொல்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதை யாரும் கேட்பதில்லை, பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

தொடங்கும் முன் தெரிய வேண்டியது

குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரலாம். கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரில் மட்டும் வரும். இரண்டுமே தொற்றாது. ஒரே கக்கூசைப் பாவிப்பதாலோ ஒரே கோப்பையில் தண்ணீர் குடிப்பதாலோ பரவாது. சில காலம் கிளம்பும், சில காலம் அடங்கிக் கிடக்கும். மூலம், சூடு, சீதபேதி என்று நினைத்து நாட்டு மருந்து, கடை மருந்து எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள். குடலில் வரும் காசநோயும் குரோன்ஸ் மாதிரியே தெரியும் என்பதால் நம் பக்கத்து டாக்டர்கள் அதற்கும் சோதனை செய்வார்கள். அதைப் பார்த்து "எனக்கு டிபியா?" என்று பிள்ளை பயந்து போயிருக்கலாம். சோதனை எதற்காக என்பதை நீங்கள் விளக்கலாம், முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: தனியாக ஆரம்பிக்க வேண்டாம்

உங்கள் கிளினிக் டாக்டரிடமோ தாதி மிஸ்ஸிடமோ "துணையாக இருக்க விரும்புகிறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டு, சம்மதம் வாங்கி, அவர்களே உங்களை அறிமுகப்படுத்தட்டும். நீங்களாகப் போய் "உனக்கும் இந்த வருத்தமா?" என்று கேட்கக் கூடாது. உங்களுக்கு 18 வயது தாண்டியிருக்க வேண்டும். பிள்ளையைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் நல்லது. பெண் பிள்ளைக்கு அக்கா, ஆண் பிள்ளைக்கு அண்ணன் என்று வைத்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் திறக்கும். சந்திப்பது நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கு போதும்.

படி 2: போனை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

எல்லோரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். லயக் காம்பராவில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். பல வீடுகளில் போன் ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போகும், சாயங்காலம் தம்பி கேம் விளையாடுவான். நீங்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை வீட்டில் யாராவது சத்தமாகப் போட்டுவிட்டால், மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் நாளே இவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுத்து மட்டும். மருந்துப் பெயர், இரத்தம், வயிறு எதுவும் மெசேஜில் வரக் கூடாது. "இன்றைக்குப் பேசலாமா?" என்ற ஒரு வரி போதும். அதற்குப் பிள்ளை வசதியான நேரத்தில், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று உங்களைக் கூப்பிடட்டும். ரீலோட் செலவு பிள்ளை தலையில் விழாமல், மிஸ்ட் கோல் வந்ததும் நீங்களே திருப்பி எடுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது. மறைப்பதெல்லாம் அடுத்த காம்பராவுக்குத்தான்.

படி 3: முதல் பேச்சு

நோயிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளிக்கூடம், கிரிக்கெட், டியூஷன் என்று எதிலிருந்தாவது தொடங்குங்கள். அப்புறம் உங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நீளமாகச் சொன்னால் அது உங்கள் கூட்டமாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வரும்:

"அக்கா, இது எப்ப சரியாகும்?"

"முழுசா போயிரும்னு பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா மருந்து ஒழுங்கா எடுத்தா அடங்கி இருக்கும். நான் இப்ப வேலைக்குப் போறேன், கல்யாண வீட்டுல சாப்பிடுறேன்."

இதற்கு மேல் தைரிய வார்த்தை எதுவும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். "எல்லாம் மனசுதான்" என்று சொல்பவர்களை அந்தப் பிள்ளை ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கும்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் அம்மாகிட்டயோ டாக்டர்கிட்டயோ சொல்லுவேன்." இதை முன்னாலேயே சொன்னால்தான் பின்னால் துரோகமாகத் தோன்றாது.

படி 4: கக்கூஸ் வரைபடம்

ஒரு கொப்பியில் இருவரும் சேர்ந்து வரையுங்கள். வீடு, பள்ளிக்கூடம், டியூஷன், டவுன், ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் இடையில் எங்கே கக்கூஸ் உண்டு, எது பூட்டியிருக்கும், எங்கே காசு கொடுக்க வேண்டும், எங்கே தண்ணீர் வராது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போகிறவர் என்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை பஸ் நிலையங்களையும் சேருங்கள். ரயில் வசதிப்பட்டால் அதுதான் நிம்மதி, பெட்டியிலேயே கக்கூஸ் இருக்கும். பஸ் என்றால் கதவுக்குப் பக்கத்து ஆசனம். பையில் ஒரு மாற்று உள்ளாடை, தண்ணீர்ப் போத்தல், ஒரு பொலித்தீன் பை, ஒரு ஜீவனி பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்), கிளினிக் கொப்பி இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் ஒருவருக்குத் தெரிந்தால் கேட்காமலே வெளியே போக விடுவார். ஓ.எல்., ஏ.எல். பரீட்சை வருகிறது என்றால் டாக்டரின் கடிதத்தோடு அதிபரைப் பல மாதங்களுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் ஒன்றும் நடக்காது.

படிப்பை விட்டுக் கொழுந்துக்குப் போகும் பிள்ளை என்றால் கதை வேறு. மலையில் பெரும்பாலும் கக்கூஸ் இருக்காது. காலையிலேயே கங்காணியிடம் சொல்லி, ரோட்டுக்கோ லயத்துக்கோ பக்கமாகக் கொழுந்து பறிக்கும் நிரை கேட்பதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடிய வழி. கங்காணியிடம் சொல்லப் பிள்ளைக்குக் கூச்சம் என்றால் அம்மாவே சொல்லட்டும்.

படி 5: கிளினிக்குக்குத் தயார்படுத்துங்கள்

கிளினிக்கில் பலவேளை சிங்களத்தில்தான் பேச வேண்டியிருக்கும். "பட ரிதெனவா" என்றால் வயிறு வலிக்கிறது, "லே யனவா" என்றால் இரத்தம் போகிறது. இவ்வளவையாவது வெட்கமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, இரவில் எழும்ப வேண்டியிருக்கிறதா, நிறை குறைந்திருக்கிறதா என்று கிளினிக்குக்கு முந்தின வாரத்திலிருந்தே எழுதிக்கொண்டு போகட்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் காலத்தில் அம்மா பேசுவதை நிறுத்திப் பிள்ளையே பேசத் தொடங்க வேண்டும். அந்த ஒத்திகையை உங்களோடு செய்து பார்க்கலாம்.

படி 6: மருந்து, சாப்பாடு: எதைச் சொல்லலாம்?

எத்தனை குளிசை என்ற பேச்சுக்கே போகாதீர்கள். அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து எடுக்கும்போது முகம் ஊதும், பசி கூடும். குறைக்கக் குறைக்க முகம் பழையபடி வரும். கேலிக்குப் பயந்து திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சல்பசலசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம், பயப்பட வேண்டாம். அசதியோப்ரின் எடுப்பவர் இரத்தப் பரிசோதனையைத் தவற விடக் கூடாது.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடலாம். தலைவலிக்குக் கடையில் எதையாவது வாங்கி விழுங்காமல், பனடோல் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரத்தம் போவதால் பலருக்கு இரும்புச்சத்து குறையும், குளிசை கொடுப்பார்கள். அதை பிளேன்டீயோடு விழுங்கினால் உடம்பில் ஒழுங்காகச் சேராது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்! குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டால் இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் கிளம்பியிருக்கும் நேரத்தில் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத கொச்சிக்காய்ச் சம்பல் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளலாம். உங்கள் பட்டியலைத் திணிக்காமல் பிள்ளையையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நாட்டு மருந்து கொடுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், கிளினிக்கில் அதை மறைக்காமல் சொல்லச் சொன்னால் போதும்.

படி 7: பேச்சை நிறுத்தி அனுப்ப வேண்டிய நேரம்

நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய்க் காய்ச்சலும் இருந்தால், வயிறு உப்பி வாந்தி எடுத்துக் காற்றும் பிரியாவிட்டால், மயக்கம் வந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து (பிரெட்னிசலோன், அசதியோப்ரின் போன்றவை) எடுப்பவருக்குக் கடும் காய்ச்சல் வந்தால், அன்றே ஆஸ்பத்திரி. தோட்ட டிஸ்பென்சரியில் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ரோட்டு மோசமான டிவிசன் என்றால் மெயின் ரோட்டு வரை இறக்கிக் கொண்டுவர யாருடைய ஆட்டோ என்று முன்பே பேசி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அன்றே பெற்றோருக்கும் கிளினிக்குக்கும் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

உங்களுக்கே நோய் கிளம்பினால்

இது நடக்கும். அப்போது மறைத்துக்கொண்டு துணை நிற்க முயலாதீர்கள். உங்கள் நிலையைப் பார்த்து பிள்ளையும் பயந்துபோகும். ஆரம்பத்திலேயே இன்னொரு அக்காவையோ அண்ணனையோ கிளினிக் மூலம் அறிமுகம் செய்து வைத்திருங்கள். உங்களுக்கு முடியாத மாதத்தில் அவர் பார்த்துக்கொள்வார், அவருக்கு முடியாதபோது நீங்கள்.