சுயாதீன இசைக் காணொளி: மரபைப் பின்பற்றி, ஒன்றை மட்டும் மீறுவது எப்படி?

ஊடகக் கல்வியில் சுயாதீன (இண்டி) இசைக்குழு ஒன்றின் பாடலுக்குக் காணொளி தயாரிக்கும் மாணவர்கள், அந்த வகைமையின் மரபுகளைப் பயன்படுத்தவும் வேண்டும், கேள்விக்கு உட்படுத்தவும் வேண்டும். பலருக்கு இரண்டாவது பாதியில்தான் ஆர்வம். எதையேனும் விசித்திரமாகச் செய்துவிட்டால் மரபை மீறியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பார்வையாளர் எதிர்பார்த்த ஒன்று வராமல் போகும்போதுதான் மீறல் மீறலாகத் தெரியும். எதிர்பார்ப்பே உருவாகாத இடத்தில் அது கவனக்குறைவாகவே தோன்றும். ஆகவே பெரும்பாலான மரபுகளைத் திருத்தமாகப் பின்பற்றி, ஒன்றை மட்டும் தேர்ந்து மீறும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: பாடலைத் தேர்ந்தெடுத்தல்

மிகவும் பிடித்த பாடலைத் தேடுவதைவிட, கைவசம் உள்ள ஆட்களையும் இடத்தையும் கொண்டு எடுத்து முடிக்கக்கூடிய பாடலைத் தேடுங்கள். பாடலை இயற்றியவரின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் வெவ்வேறானவை. இரண்டும் யாரிடம் உள்ளன என்று கேட்டு, எழுத்து மூலம் அனுமதி பெற்றபின் வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: மரபுகளைக் கண்டறிதல்

பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துபோவதும், மதிப்பெண்ணை உண்மையில் தீர்மானிப்பதும் இந்தப் படிதான். ஒரே ஒலிப்போக்குள்ள குழுக்களின் காணொளிகள் சிலவற்றைத் தேர்ந்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலி இருந்தால் பாட்டு உங்களை இழுத்துச் சென்றுவிடும். ஒலி இல்லாதபோதுதான் இடம், உடை, ஒளி, கேமரா அசைவு, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு வெட்டும் வேகம் ஆகியவை தனித்தனியாகக் கண்ணில் படும். அன்றாட உடையில் நிற்கும் இசைக்கலைஞர்கள், கைவிடப்பட்ட கிடங்கு அல்லது சிறிய ஒத்திகை அறை, சன்னல் வழியே வரும் இயல்பான வெளிச்சம், கையில் பிடித்தபடி எடுத்த கேமராவின் இலேசான நடுக்கம், பழைய பிலிம் போன்ற துகள்களும் மங்கிய நிறமும், கிட்டாரில் நகரும் விரல்களின் குளோஸ்-அப், முழுமையாகச் சொல்லப்படாமல் துண்டுதுண்டாக வரும் ஒரு கதை என்று பட்டியல் விரைவிலேயே நிரம்பிவிடும்.

பட்டியலை அத்துடன் விட்டுவிடாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடகரின் முகத்தைக் காட்டுவது, உதட்டசைவு பாடலோடு பொருந்துவது, தாளத்துக்கு வெட்டுவது போன்றவை எந்த இசைக் காணொளிக்கும் பொதுவானவை; அவை வடிவத்தின் மரபுகள். மங்கிய நிறம், ஒப்பனையற்ற முகம், எளிய இடம் ஆகியவை சுயாதீன வகைமைக்கு உரியவை. இப்படிப் பிரித்துப் பார்ப்பதன் பயனை ரீப்ளேஸ்மெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் குழு நன்றாகக் காட்டுகிறது. 1985-இல் வெளியான ‘டிம்’ என்ற தொகுப்பின் பாடல் ஒன்றுக்கு அக்குழு அளித்த காணொளியில் கறுப்பு வெள்ளையில் ஓர் ஒலிபெருக்கியே கிட்டத்தட்ட முழு நேரமும் காட்சியின் மையமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் கடைசியில் எழுந்து அதை உதைக்கிறார். 1981-இல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து, கலைஞரின் முகத்தை மீண்டும் மீண்டும் காட்டிப் பார்வையாளரைப் பழக்கியிருந்த காலம் அது. ஆகவே முகத்தையே காட்டாதது உடனடியாக உறைத்தது. ஆனால் எளிய அறை, அலங்காரமின்மை, விளம்பரத்தைப் பழிக்கும் மனப்பாங்கு என்று சுயாதீன வகைமைக்கு உரிய எதையும் அது கைவிடவில்லை. வடிவத்தின் ஒரு மரபை மீறி, வகைமையின் மரபுகளை இறுகப் பற்றிக்கொண்டதால்தான் அது நின்றது.

படி 3: எதை மீறுவது என்று முடிவு செய்தல்

ஒவ்வொரு வகைமையும் திரும்பச் செய்தலாலும் வேறுபாட்டாலும் இயங்குகிறது என்று திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீல் 1980-இல் விளக்கினார். உங்கள் வேறுபாடு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் இசைக் காணொளி பற்றி 1992-இல் எழுதிய நூல் உதவுகிறது. பாடல் வரிக்கும் காட்சிக்கும் இடையிலான உறவை அவர் மூன்றாக வகுக்கிறார்: காட்சி வரியை அப்படியே விளக்கலாம், அதன் பொருளை விரிக்கலாம், அதனோடு தொடர்பற்றோ முரண்பட்டோ நிற்கலாம். உங்கள் பாடலின் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் இந்த மூன்றில் எது பொருந்தும் என்று எழுதுங்கள். மீறல் அங்கிருந்து எழ வேண்டுமே தவிர, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்படக் கூடாது.

பிரிந்துபோன காதலியைப் பற்றிய பாடலில், வயல்வெளியில் ஓடுகிற, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணை ஆணின் நினைவாக மட்டும் காட்டுவது இந்த வகைமையில் தேய்ந்துபோன மரபு. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல், பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்கும் ஆணின் பார்வை திரைப்படத்தில் செயல்படும் விதத்தைப் பற்றி எழுதியது இதற்கும் பொருந்தும். இதை மீற விரும்பும் மாணவர்கள் பெண்ணின் இடத்தில் ஆணை ஓடவிடுகிறார்கள். அதனால் பார்க்கப்படும் ஆள்தான் மாறுகிறார், பார்க்கும் முறை மாறுவதில்லை. அந்தப் பெண்ணையே கேமராவைப் பிடித்திருப்பவராக ஆக்கி, குழுவின் நிகழ்ச்சி முழுவதையும் அவருடைய பார்வையிலிருந்து காட்டினால், நடுக்கமான கேமரா என்ற பழைய மரபுக்கே புதிய காரணம் கிடைத்துவிடும்.

இந்தச் செய்முறைக்கு இன்னும் எளிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொல்ல முடியாமல் போன ஒரு விஷயத்தைப் பற்றிய பாடல். முதல் பல்லவியில் பாடகியின் உதடு ஒலியோடு சரியாகப் பொருந்துகிறது. இரண்டாம் பல்லவியில் குரல் தொடர்கிறது, உதடு மூடியிருக்கிறது. மீறப்படுவது உதட்டசைவு என்ற ஒரே மரபு. கிடங்கு, வெளிச்சம், உடை, வெட்டும் வேகம் அனைத்தும் அப்படியே இருக்கும்.

படி 4: காலக் கணக்கு

பாடலின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டு அரை நொடி. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று 2 நொடி. நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஒரு சுற்றுக்கு 50 சட்டகமும் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டரைச் சட்டகமும் வரும். அரைச் சட்டகத்தில் வெட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டுவதைவிட இரண்டு தட்டுகளுக்கு ஒருமுறை, அதாவது 25 சட்டகத்துக்கு ஒருமுறை வெட்டத் திட்டமிடுவது நல்லது. இந்தக் கணக்கை வைத்துச் சரணம், பல்லவி, இடையிசை ஆகியவை தொடங்கும் இடங்களைக் குறித்து, அவற்றின் கீழே ஷாட் பட்டியலை எழுதுங்கள்.

படி 5: படப்பிடிப்பு

பாடலை ஒலிபெருக்கியில் உரக்க ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் முழுப் பாடலையும் இடைவிடாமல் எடுங்கள். கேமராவின் ஒலிவாங்கியை அணைக்காதீர்கள். அந்தத் தரமற்ற ஒலிதான் பின்னர் காட்சியைப் பாடலோடு பொருத்த உதவும். பாடகி முணுமுணுக்காமல் உண்மையாகவே குரலெடுத்துப் பாட வேண்டும், ஏனெனில் பாடும்போது கழுத்து நரம்பு இறுகுவதும் மூச்சு வாங்குவதும் நடிப்பில் வராது. கைபேசியில் எடுப்பவர்கள் வெளிச்ச அளவையும் குவியத்தையும் (ஃபோகஸ்) மாறாதபடி பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடகி நகரும்போதெல்லாம் படம் தானாக வெளுத்தும் இருண்டும் போகும்.

உதடு மூடிய ஷாட்டை, பாடும் ஷாட் முடிந்த உடனேயே, கேமராவின் இடமும் வெளிச்சமும் மாறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பாடகியிடம் சும்மா நிற்கச் சொன்னால் அவர் பாட மறந்தவர் போலத் தெரிவார். வரி தொடங்குவதற்கு முந்தைய தட்டில் பாடப்போவது போல மூச்சை இழுத்து, உதட்டை இலேசாகப் பிரித்து, பின்னர் மூடிக்கொள்ளும்படி சொல்லுங்கள். அந்த அரை நொடி மூச்சில்தான் பார்வையாளரின் எதிர்பார்ப்பு உருவாகிறது.

படி 6: படத்தொகுப்பு

மரபை முதலில் நிலைநாட்ட வேண்டும். முதல் சரணத்திலும் பல்லவியிலும் பாடகியின் உதட்டசைவு தெளிவாகத் தெரியும் குளோஸ்-அப்புகளைத் தாராளமாக வையுங்கள்; டிரம் அடிக்கும் இடங்களில் வெட்டுங்கள். வெட்டைத் தட்டுக்கு ஒன்றிரண்டு சட்டகம் முன்னதாக வைத்தால் இன்னும் இறுக்கமாகத் தோன்றுகிறது என்பது என் கருத்து. இரண்டாம் பல்லவி வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டு, மூடிய உதட்டின் மேல் இரண்டு சுற்றுகள், அதாவது 4 நொடி, அப்படியே இருங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் ஒலி பொருந்தவில்லை போலும் என்று பார்வையாளர் நினைத்துவிடுவார். அந்த இடத்தில் நிறத்தை மாற்றுவது, வேகத்தைக் குறைப்பது, மங்கலாக்குவது என்று எதையும் சேர்க்காதீர்கள். எது மாறியது என்ற தெளிவு போய்விடும்.

படி 7: பார்வையாளரிடம் சோதித்தல்

படப்பிடிப்பில் பங்குபெறாத சிலரிடம் முதலில் ஒலியின்றிக் காட்டி, எந்த வகை இசையாக இருக்கும் என்று கேளுங்கள். விடை சரியாக வராவிட்டால் நீங்கள் பின்பற்றிய மரபுகள் போதவில்லை. பிறகு ஒலியோடு காட்டி, ஏதேனும் மாறியதாகத் தோன்றும் இடத்தில் கையை உயர்த்தச் சொல்லுங்கள். கை உயர்ந்த இடம் உங்கள் மீறலாக இருந்தால் நல்லது. மேடையோரம் கிடந்த குடிநீர்ப் புட்டியாக இருந்தால் அந்த ஷாட்டை மாற்றுங்கள்.

படி 8: மதிப்பீட்டு அறிக்கை

‘நாங்கள் சுயாதீன வகைமையின் மரபுகளைப் பயன்படுத்தினோம்’ என்ற பொதுவான வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடைக்காது. எந்த நிமிடம், எந்த நொடி, எந்த மரபு, எந்தப் பாடல் வரியின் காரணமாக என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘1:32 முதல் 1:36 வரை பாடகியின் உதடு மூடியிருக்கிறது, முதல் பல்லவியில் நிலைநாட்டிய உதட்டசைவு மரபை இங்கே மீறியதன் மூலம், வரியில் வரும் சொல்ல இயலாமையைக் காட்சி விரித்துக் காட்டுகிறது, சோதனைப் பார்வையாளர்கள் இந்த இடத்தில் கையை உயர்த்தினார்கள்.’ இதற்குக் கீழே 1:32-இல் உள்ள சட்டகத்தையும், அதே வரி வரும் முதல் பல்லவியின் சட்டகத்தையும் அருகருகே படமாக இணையுங்கள்.