கெலாய்டு ஊசியா? வலியைக் குறைக்கக் கேட்டு வாங்க வேண்டியவை

எனக்குக் கெலாய்டு, அதாவது மீறித் தடித்து வளரும் தழும்பு, நடுநெஞ்சில். ஒரு பரு வந்துபோன தழும்பு, சுண்டுவிரல் நீளத்துக்குத் தடித்துவிட்டது. சில வாரங்களுக்கு ஒருமுறை அதற்குள் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறேன்.

ஊசி குத்துவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கெலாய்டுக்குள் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இறுகிக் கிடப்பதால் மருந்து போக இடமிருக்காது. அழுத்தி ஏற்றும்போதுதான் உயிர் போகிறது. அதனால் வெறும் மரத்துப்போகும் கிரீமை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்தோலுக்குத்தான். ஆனாலும் போடுங்கள், குத்தும் வலியாவது குறையும். லிடோகெய்ன், பிரைலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்த கிரீமை டாக்டர் எழுதித் தருவார். தேய்த்துவிடாமல் தடிமனாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். நான் வீட்டிலேயே போட்டு, மேலே பழைய பருத்திச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். புண் இருந்தால் அதன்மேல் போடக்கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம்.

உள்வலிக்கு வழி டாக்டர் கையில் இருக்கிறது. தழும்பைச் சுற்றியுள்ள நல்ல தோலில் முதலில் லிக்னோகெய்ன் ஊசி (லிடோகெய்னுக்கே இன்னொரு பெயர்) போட்டு மரக்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தத் தோல் இளக்கமானது, அங்கே குத்துவது அவ்வளவாக வலிக்காது. சில நிமிடம் பொறுத்து ஸ்டீராய்டைப் போட்டால் எனக்கு அழுத்தம் தெரிகிறது, எரிச்சல் இல்லை. ஸ்டீராய்டிலேயே லிக்னோகெய்ன் கலப்பதும் உண்டு. ஆனால் மருந்து ஏறும் அந்த நேரத்து வலியை அது முழுதாகத் தடுக்காது, பிறகுதான் கை கொடுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. கடுங்குளிரான திரவ நைட்ரஜனால் டாக்டர் தழும்பை லேசாக உறையவைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், அது வீங்கி இளகி, மருந்து சுலபமாக இறங்கும். நம் மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழலாம் என்பதால் யோசித்து முடிவெடுங்கள்.

மெல்லிய ஊசி, சின்ன சிரிஞ்சு, நிதானமான கை. "மெதுவா போடுங்க டாக்டர், கையைத் தூக்கினா நிறுத்துங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள், வலி உங்களுடையது.

துணியில் சுற்றிய ஐஸைக் குத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் வைத்தாலும் இதம். அன்றிரவு விண்விண் என்றால் பாராசிட்டமால் போதும். சர்க்கரை, கர்ப்பம், மரக்கும் மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட இடம் நாளாக ஆகக் குழிந்தோ வெளுத்தோ போனால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.