டிவி செஃப் உங்கள் கடைக்குப் போட்டிக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஃபுட் நெட்வொர்க் சேனலில் 2006 முதல் 2011 வரை ஒரு நிகழ்ச்சி ஓடியது. பாபி ஃபிளே என்ற பிரபல செஃப், ஏதாவது ஒரு பண்டத்துக்குப் பேர்போன சிறு கடைக்காரரைத் தேடிப் போவார். கடைக்காரரிடம் அவரைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று மட்டுமே சொல்லி வைத்திருப்பார்கள். அக்கம்பக்கத்தார் கூடியிருக்கும் நேரத்தில் செஃப் வந்து நின்று, அதே பண்டத்தைத் தானும் சமைப்பதாகச் சவால் விடுவார். யார் சமைத்தது எது என்று தெரியாமல் நடுவர்கள் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பெரும்பாலும் தோற்றவர் செஃப்தான்.

இதில் எனக்கு வியப்பே இல்லை. செஃப் அந்தப் பண்டத்தைச் சில நாள் பழகிப் பார்த்துவிட்டு வருகிறார். கடைக்காரரோ விடிந்தால் அதைச் செய்து, அன்றைக்கே விற்று, ருசி குறைந்தால் அன்றைக்கே பேச்சும் வாங்கிக்கொண்டவர். கடையின் பலம் அதுதான். கடைக்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பலத்தை மறந்து, செஃபின் பலத்தோடு மோதப் போவதால் வருபவை.

தமிழ் சேனல்களிலும் சமையல் போட்டிக்குப் பஞ்சமில்லை. விஜய் டிவியின் குக்கு வித் கோமாளி 2019-இல் தொடங்கியது. 2021-இல் சன் டிவியில் மாஸ்டர் செஃப் வந்தது. செஃபையும் சிறு கடையையும் நேருக்கு நேர் நிறுத்தும் நிகழ்ச்சி டெல்டாவுக்கு வந்தால், இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் கும்பகோணத்துக் கடப்பாவையும், பயத்தம்பருப்பு அல்வாவான திருவையாற்று அசோகாவையும், பால் இனிப்பான நீடாமங்கலத்துப் பால்திரட்டையும், எண்ணெயில் பொரிக்கும் நாகூர் வாடாவையும் தேடித்தான் முதலில் வருவார்கள். இவற்றைச் செய்து பிழைக்கும் கடைக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, போட்டிக்கென்று பண்டத்தை மாற்றுவது. கேமரா வருகிறது என்றதும் கடப்பாவின் மேல் முந்திரியை வறுத்துக் கொட்டுவது, அசோகாவில் குங்குமப்பூவைத் தூவுவது, வாழையிலையைத் தள்ளிவிட்டு வெள்ளைப் பீங்கான் தட்டில் கோபுரம் கட்டுவது. அலங்காரம் செஃபின் தொழில். அதற்கென்றே படித்தவர் அவர். அந்தக் களத்தில் இறங்கினால் உங்களுக்கு ஒரு நாள் அனுபவம், அவருக்குப் பல வருட அனுபவம். தினமும் எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியே கொடுங்கள்.

பண்டத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சறுக்கல் உண்டு. பாட்டி காலத்து ரசவாங்கி, அப்பா எப்போதோ செய்த பிட்லை என்று, கடையில் போடாத ஒன்றைக் கௌரவத்துக்காகச் சொல்லிவிடக் கூடாது. காலையில் எந்தப் பாத்திரம் முதலில் காலியாகிறதோ அதுவே உங்கள் பண்டம்.

அடுத்தது அளவு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கடையில் கடப்பா வைப்பது பெரிய அண்டாவில். போட்டி மேடையில் இரண்டு நடுவர்களுக்கும் சுற்றி நிற்கும் சிலருக்கும் மட்டும் செய்யச் சொல்வார்கள். அண்டாவுக்குப் போடும் உப்பு, சோம்பு, பச்சை மிளகாயைக் கணக்குப் போட்டு வகுத்தால் ருசி வராது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் சுண்டும், தேங்காய் அரைத்து விட்டதும் கொதி சட்டென்று ஏறும். கையளவு பழகிய பெரிய மாஸ்டர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து சின்ன அளவில் வைத்துப் பழகுங்கள். முடிந்தால், வழக்கமான அண்டா அளவிலேயே சமைக்க அனுமதி கேளுங்கள். கூட்டத்துக்குப் பரிமாறலாம் என்றால் படப்பிடிப்புக் குழுவும் ஒப்புக்கொள்ளக் கூடும்.

பிறகு அடுப்பு. மேடையில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பார்கள். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதில் சூடேறாது. இரும்பு தோசைக்கல் சூடாகும். ஆனால் பெரிய கல்லென்றால் நடுவில் மட்டும் காய்ந்து ஓரம் பச்சையாக நிற்கும். என்ன அடுப்பு என்பதை முன்கூட்டியே கேட்டு, உங்கள் கேஸ் அடுப்பையும் பழகிய கல்லையும் கொண்டுபோவதாகச் சொல்லிவிடுங்கள். அரைத்த பொடி, உப்பு, தண்ணீர் எல்லாம் உங்கள் கடையிலிருந்தே போகட்டும். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், விளக்குகளின் வெக்கை வேறு சேரும். அந்தப் புழுக்கத்தில் தோசை மாவு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் புளிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கரண்டிக்கும் நாக்குக்கும் இடையில் ஓடும் நேரம். கடையில் இட்லி இலையில் விழுந்து, கடப்பா ஊற்றிய அடுத்த நொடி வாடிக்கையாளர் கை வைக்கிறார். படப்பிடிப்பில் அப்படி நடக்காது. "இன்னொரு முறை ஊற்றுங்கள், க்ளோசப் வேண்டும்" என்பார்கள். விளக்கை நகர்த்துவார்கள், மைக்கைச் சரிசெய்வார்கள். கடப்பாவில் வெந்த பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் அரைத்த பொட்டுக்கடலையும் இருக்கின்றன. ஆற ஆற அது இறுகும். கரண்டியிலிருந்து வழிந்தது கால் மணி நேரத்தில் கூட்டுப் பதத்துக்கு வந்துவிடும். நடுவர் சாப்பிடுவது அந்த இறுகிய கடப்பாவைத்தான். அசோகாவில் சூட்டோடு மின்னிய நெய் ஆறினால் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். டிகிரி காப்பியின் நுரையோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. ஆகவே கேமராவுக்கு ஒரு கிண்ணம், நடுவருக்கு வேறு கிண்ணம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவருக்கான கடப்பாவைக் கொஞ்சம் தளர்வாக இறக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்திருங்கள். இது ஏமாற்று அல்ல. கடைக்கு வருகிறவர் சாப்பிடும் அதே பதத்தை நடுவருக்கும் கொடுப்பதற்கான ஏற்பாடு.

செஃப் முன்னால் நின்றதும் குழைந்துபோவதும் தவறுதான். "கசகசாவைக் குறைத்திருக்கலாம்" என்று அவர் சொன்னால், மரியாதைக்காகத் தலையாட்டிவிடக் கூடாது. ஒளிபரப்பில் அந்தத் தலையாட்டல் நீங்கள் தவறை ஒப்புக்கொண்டதாகவே தெரியும். "எங்கள் கடையில் இப்படித்தான் போடுவோம், ஐயா" என்று பணிவாகவே சொல்லலாம்.

கதை சொல்லும்போதும் கவனம் வேண்டும். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் ஷாஜியின் அரண்மனைக்குச் சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி வந்தபோது சாம்பார் பிறந்தது என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஜி வரலாற்றில் இருப்பவர். சாம்பார் அங்கே பிறந்ததற்கு உறுதியான சான்று இல்லை. அதை வரலாறாக அடித்துச் சொன்னால், பார்ப்பவர்கள் உங்கள் மற்றப் பேச்சையும் சந்தேகிப்பார்கள். கடையை யார் தொடங்கினார், எந்த ஆலையில் மாவு அரைக்கிறீர்கள், பால் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். கேட்பதற்கு அதுவே சுவையானது.

இனி கையெழுத்து. படப்பிடிப்பு அன்று காலையில், அடுப்பு எரியும்போது ஆங்கிலத்தில் நாலு பக்கம் நீட்டி, "சும்மா சம்பிரதாயம்தான்" என்பார்கள். முதல் நாளே நகல் கேட்டு, தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேறு சேனலில் தோன்றக் கூடாது என்ற நிபந்தனை உண்டா, உங்கள் முகத்தை விளம்பரத்தில் போடுவார்களா, செய்முறையை எழுதித் தர வேண்டுமா, கடை மூடிய நாளின் வியாபாரத்துக்கு ஈடு தருவார்களா என்று பாருங்கள். செய்முறை ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பிடிக்க முடியாது. பொடியின் அளவைக் கேமராவில் சொல்லவே வேண்டாம். கடையின் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஒளிபரப்புக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்க எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கட்டும்.

தோற்றால்? இரண்டு பேரின் ஒரு நாள் நாக்கு சொன்ன தீர்ப்பு அது. அதைக் கேட்டு மறுநாள் காரத்தைக் கூட்டுவதோ நெய்யைக் குறைப்பதோ கூடாது.

வென்றாலும் தோற்றாலும் ஒளிபரப்பான வாரம் வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும். 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் கடை நடத்தியவர்களுக்கு அந்தக் கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரியும். 2028-இல் மறுபடியும் பார்ப்பார்கள். மகாமகக் கூட்டம் திருவிழா முடிந்ததும் போய்விடும். டிவி பார்த்து வருகிறவர் பிடித்திருந்தால் மறுபடி வருவார், பிடிக்காவிட்டால் ஊரெல்லாம் சொல்லுவார். மாவில் தண்ணீரைச் சேர்த்து அளவைப் பெருக்காதீர்கள். வழக்கமாக வருகிறவர்களுக்குக் காலை ஏழு மணி வரை இடம் ஒதுக்குங்கள். தீர்ந்ததும் தீர்ந்தது என்று பலகையில் எழுதிப் போடுங்கள். புதிதாக ஆள் சேர்த்தால் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் விடுங்கள். அரைப்பதும் தாளிப்பதும் பழைய கையிலேயே இருக்கட்டும்.