'சே' படத்தைத் தூங்காமல் பார்ப்பது எப்படி?

கியூபப் புரட்சியாளர் சே குவேராவைப் பற்றி ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த 'சே' படத்தை ஒருமுறை நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டிவைத்துப் போட்டேன். அதில் இரண்டு பேர் சே குவேரா டி-ஷர்ட்டிலேயே வந்திருந்தார்கள். முதல் பாகம் முடிவதற்குள் நாலு பேர் தூங்கிவிட்டார்கள், டீ குடிக்கப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை, கடைசிவரை முழித்திருந்த நாலு பேரும் விடிய விடிய சண்டை போட்டார்கள். படத்தைக் குறை சொல்ல மாட்டேன், போட்டுக் காட்டிய விதம்தான் தப்பு. அப்புறம் வேறு வேறு ஆட்களோடு மூன்று தடவை பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும், எதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் வருபவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 2008இல் வந்த படம், இரண்டு பாகம், சேர்த்தால் நாலேகால் மணி நேரம், பேசுவது பெரும்பாலும் ஸ்பானிஷ். பெனிசியோ டெல் டோரோ சேயாக நடித்து அந்த வருடம் கேன்ஸில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். ஆனால் நம்மூர் வாழ்க்கை வரலாற்றுப் படம்போல சின்ன வயதில் ஓர் அநியாயத்தைப் பார்த்துப் பொங்குகிற காட்சி, இன்டர்வெல் பிளாக், பின்னணி இசையோடு நடந்துவரும் ஸ்லோமோஷன் எதுவும் கிடையாது. முகத்துக்கு அருகே கேமரா போவதே அபூர்வம், கூட்டத்தில் ஒருவராகத்தான் சே இருப்பார். மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றிய இளைஞனைப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு படம், வால்டர் சாலஸ் 2004இல் எடுத்தது. சேயைப் பற்றி ஒன்றும் தெரியாதவரை முதலில் அதற்கு உட்கார வையுங்கள்.

இரண்டு பாகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது நல்லது, முடியாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில். வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் படம் செத்துவிடும், ஏனென்றால் முதல் பாகத்தில் கியூபாவில் பலித்த ஒவ்வொன்றும் இரண்டாம் பாகத்தில், புரட்சி செய்யப் போன பொலிவியாவில் பலிக்காமல் போவதுதான் விஷயமே. இரண்டு பாகமும் ஒரு வரைபடத்தோடுதான் தொடங்கும், வசனமே இருக்காது. எல்லோரும் ரிமோட்டைத் தேடுகிற இடம் இது, விடாதீர்கள். சியரா மேஸ்த்ரா மலை எங்கே, சாண்டா கிளாரா நகரம் எங்கே, ஹவானா எங்கே என்று அப்போதே பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு மணி நேரம் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

முதல் பாகம் முன்னும் பின்னும் தாவும். மெக்சிகோவில் ஃபிடல் காஸ்ட்ரோவைச் சந்திப்பது, 1956 டிசம்பரில் 82 பேர் 'கிரான்மா' படகில் கியூபாவில் வந்து இறங்கிய பிறகு சர்வாதிகாரி பாடிஸ்டாவை எதிர்த்து நடக்கும் காட்டுப் போர், 1964இல் ஐ.நா. சபையில் பேச நியூயார்க் போனது, இந்த மூன்றும் கலந்து வரும். கறுப்பு வெள்ளையாக வந்தால் நியூயார்க் என்று சொல்லிவையுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டு மலை ஏறுகிற டாக்டர், படிக்கத் தெரியாத போராளிகளை உட்கார்த்தி எழுத்து சொல்லிக்கொடுக்கிற ஆள் எல்லாம் வந்து, கடைசியில் 1958 டிசம்பர் சாண்டா கிளாரா சண்டை. (அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் கியூபாவில் எடுக்க முடியவில்லை, மெக்சிகோவின் கம்பெச்சே நகரம்தான் சாண்டா கிளாராவாக நடித்திருக்கிறது.) முடிவில், ஜெயித்த குஷியில் ஒரு போராளி யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு ஹவானாவுக்குக் கிளம்புவான். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வா என்று சே விரட்டிவிடுவார். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அரை மணி நேரமாவது நிறுத்துங்கள். சாப்பாடு போடுவதும் இங்கேதான். படம் சொல்லாமல் தாண்டிப் போகிற வருடங்களை நீங்களே சொல்ல வேண்டியதும் இந்த இடைவெளியில்தான், இதைச் செய்யாமல் இரண்டாம் பாகத்தைப் போட்டதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு. 1959இன் முதல் மாதங்களில் சே ஹவானாவின் லா கபாஞா கோட்டைக்குத் தளபதி. பழைய பாடிஸ்டா ஆட்சியின் ஆட்களை விசாரித்து அங்கே சுட்டுக் கொன்றார்கள், அந்தத் தண்டனைகளில் அவருடைய பங்கு உண்டு. அதே வருடம் இந்தியாவுக்கு வந்து நேருவைச் சந்தித்தார். அப்புறம் தேசிய வங்கித் தலைவர், தொழில் அமைச்சர், நடுவில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் வந்த 1962 நெருக்கடி, 1965இல் அங்கிருந்த கிளர்ச்சியாளர்களுக்கு உதவ ஆப்பிரிக்காவின் காங்கோ போய்த் தோற்றுத் திரும்பியது. இவ்வளவையும் படம் தாண்டிவிடுகிறது. ஐ.நா. பேச்சில், ஆமாம், சுட்டுக் கொன்றோம், கொல்கிறோம், தேவைப்படும்வரை கொல்வோம் என்று அவரே சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் பாகத்தில் திரை கொஞ்சம் குறுகிவிடும், டிவி கோளாறு என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார். கையில் தூக்கிய கேமரா, மங்கிய நிறம், 'இத்தனையாவது நாள்' என்று எழுத்து. சேயின் பொலிவிய நாட்குறிப்பிலிருந்து எடுத்தது என்பதால் நாள் எண்ணிக்கைதான் கதை நடத்துகிறது. பொலிவியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மரியோ மோன்ஹே கைவிடுகிறார், விவசாயிகள் சேர மாட்டேன் என்கிறார்கள், மருந்து தீர்கிறது, ஆற்றைக் கடக்கும்போது ஒரு குழுவே சுடப்படுகிறது. மெதுவாக, சலிப்பாகத்தான் போகும், சலிக்கட்டும். நடுவில் ஒரு பாதிரியாராக மாட் டேமன் திடீரென்று வந்து ஸ்பானிஷ் பேசுவார், அந்த நேரம் எல்லோரும் சிரித்துக்கொள்ளலாம். 1967 அக்டோபர் 9, லா ஹிகேரா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பொலிவிய ராணுவம் சுடும்போது கேமரா சேயின் கண்ணாகவே மாறிச் சாயும். அதன்பிறகும் படத்தை நிறுத்திவிடாதீர்கள், கிரான்மா படகு ஒருமுறை திரும்ப வரும்.

சரி, பேச்சு. 'அவர் ஹீரோவா, கொலைகாரரா' என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் கைகலப்பு. 2008 டிசம்பரில் ஹவானாவில் இந்தப் படத்தைக் கைதட்டி வரவேற்றார்கள், அதே மாதம் மயாமி பீச்சில் கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் தியேட்டர் வாசலில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவரவர் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் பார்ப்பார்கள், நம் ஹாலிலும் அப்படித்தான். அதனால் நான் இப்போது அந்தக் கார் காட்சியைப் பற்றி மட்டும் கேட்கிறேன். என்ன நேர்மை பார் என்றான் ஒரு நண்பன். அந்தக் கறார்த்தனம்தானே அடுத்த மாதம் லா கபாஞாவில் உட்கார்ந்தது என்றாள் இன்னொருத்தி. எனக்கு அவள் சொன்னதுதான் சரியென்று படுகிறது, ஆனால் அவன் சொன்னதையும் தள்ள முடியவில்லை, அன்றைக்குப் பேச்சு மூன்று மணி நேரம் போயிற்று, யாரும் குரலை உயர்த்தவில்லை.

பேசாமல் இருப்பவரை மட்டும் வற்புறுத்தாதீர்கள். கடைசித் தடவை யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் வந்திருந்தார், பொலிவியக் காடு முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டும்போது, "பசியைச் சரியாக் காட்டியிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.